செய்யாத தப்புக்குச் சபை முன்னால் பாவ அறிக்கை செய்யலாமா?

தென் மாவட்டச் சிறு நகரம் ஒன்றிலிருந்து 27 வயதுச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கும் கடிதத்துக்கு இந்த முறை பதில். அவரை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவர் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். தாத்தா காலத்திலிருந்தே கட்டுப்பாடான ஒரு பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்த குடும்பம். நகை அணிவதில்லை, சினிமா கிடையாது, வீட்டில் டிவி இல்லை, வெள்ளிக்கிழமை தவறாமல் உபவாச ஜெபம். அப்பா சபையில் மூப்பர், அதாவது சபையை நடத்தும் பெரியவர்களில் ஒருவர். இவர் பாடல் குழுவிலும் இருந்தார், சண்டே ஸ்கூலிலும் பாடம் எடுத்தார். ஏழு மாதத்துக்கு முன்பு ஒரு நாள் நைட் டூட்டி முடிந்து, காலை ஏழு மணிக்குப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடையில், கூட வேலை செய்யும் லேப் டெக்னீஷியன் ஒருவரோடு டீ குடித்தார். அவர் வேறு மதத்தவர். சபையைச் சேர்ந்த யாரோ அதைப் படமெடுத்துச் சபையின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். "ராத்திரி பூரா எங்க இருந்துட்டு வர்றாளோ" என்று தொடங்கி, இன்னொரு மூப்பரின் மனைவி பேசிய வாய்ஸ் நோட்டும் கூடவே சுற்றியது. அடுத்த ஞாயிறு ஆராதனையில் பாஸ்டர், "நம் நடுவில் வளர்ந்த ஒரு பிள்ளை பின்மாறிப் போய்விட்டது" என்று பிரசங்கித்தார். பெயர் சொல்லவில்லை. ஆனால் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் இவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அதிலிருந்து திருவிருந்தில் (அப்பமும் திராட்சரசமும் பகிரும் ஆராதனைச் சடங்கில்) பங்கெடுக்க விடவில்லை. பாடல் குழுவும் போனது, சண்டே ஸ்கூலும் போனது. ஒரு தடவைகூட யாரும் "என்ன நடந்தது?" என்று இவரிடம் கேட்கவில்லை. தங்கைக்குப் பேசிக்கொண்டிருந்த சம்பந்தம், மாப்பிள்ளை வீட்டார் சபையில் விசாரித்த பிறகு நின்றுபோனது. இப்போது பாஸ்டர் ஒரு வழி சொல்கிறார்: ஒரு ஞாயிறு சபை முன்னால் நின்று பாவ அறிக்கை செய்தால் விஷயம் அதோடு முடிந்துவிடும், தங்கையின் கல்யாணத்துக்குச் சபைக் கடிதமும் தருவேன், மறைத்தால் தேவகோபம் குடும்பத்தின் மேல் வரும். "தங்கச்சிக்காகச் செய்துவிடும்மா" என்கிறார் அப்பா. வழக்கு என்று பேச்செடுத்தால், "விசுவாசி மேல் விசுவாசி கோர்ட்டுக்குப் போகக் கூடாது" என்று வாயை அடைத்துவிடுகிறார். அறிக்கை செய்துவிடலாமா, பெயரே சொல்லாதபோது வழக்குப் போட முடியுமா, வாய்ஸ் நோட்டை அழித்துவிட்டார்களே, சபைக்கு என்னை ஒதுக்கிவைக்க அதிகாரம் உண்டா என்று கேட்டிருக்கிறார்.

அன்புச் சகோதரி,

சட்டத்துக்குப் போவதற்கு முன் உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் பற்றிப் பேச வேண்டும். "நான் இல்லாமல் போனால் தங்கச்சி கல்யாணமாவது நடக்கும் என்று சில ராத்திரிகளில் தோன்றுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வார்டில் ஒரு நோயாளி இப்படிச் சொன்னால் அதை எவ்வளவு கவனமாக எடுத்துக்கொள்வீர்களோ, அதே கவனத்தோடு இதையும் எடுத்துக்கொள்ளுங்கள். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, தமிழக அரசின் உதவி எண் 104, இரண்டில் எதற்கும் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். இந்தப் பதிலைப் படித்து முடிப்பதற்கு முன்பேகூடப் பேசலாம். அம்மாவிடமோ உங்களுக்கு நெருக்கமான ஒருவரிடமோ இந்த எண்ணத்தை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

"ஊர் என்ன சொன்னால் என்ன, உன் வேலையைப் பார்" என்று உங்களிடம் யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பொன்னும் ஆடம்பரமும் விலக்கப்பட்ட ஒரு கூட்டத்தில் மனிதர்களுக்குள் மதிப்பை நிர்ணயிப்பது சாட்சி, அதாவது நடத்தையால் வரும் நற்பெயர் ஒன்றுதான். சம்பந்தம் பேசுவது, வீடு வாடகைக்குக் கிடைப்பது, கைமாற்று கிடைப்பது, சாவு வீட்டுக்கு யார் வருவார்கள் என்பது வரைக்கும் அதை வைத்துத்தான் நடக்கிறது. குடியில் அழிந்துகொண்டிருந்த உங்கள் தாத்தாவை இந்தச் சபைதான் மீட்டெடுத்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கட்டுப்பாடு உங்கள் குடும்பத்தை வாழவைத்தது உண்மை, இன்று உங்களை நெரிப்பதும் உண்மை. இரண்டையும் மனதில் வைத்தே பதில் சொல்கிறேன். உங்கள் இழப்பைச் சட்டமும் சின்ன விஷயமாக நினைப்பதில்லை. அவதூறைக் குற்றமாக வைத்திருப்பது செல்லும் என்று 2016இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் நற்பெயரும் அடங்கும் என்று அதே தீர்ப்பில் சொல்லியிருக்கிறது.

பாவ அறிக்கை: செய்யாதீர்கள்

உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் தயக்கமில்லாமல் இதுதான். செய்யாத ஒன்றைச் செய்ததாக இருநூறு பேர் முன்னால் சொல்லாதீர்கள்.

அறிக்கை செய்தால் விஷயம் முடிந்துவிடும் என்று பாஸ்டர் சொல்வதை அவர் உண்மையாகவே நம்பக்கூடும். ஆனால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இன்றைக்கு இருப்பது வதந்தி. அறிக்கைக்குப் பிறகு அது நீங்களே ஒப்புக்கொண்ட உண்மை. மாப்பிள்ளை வீட்டார் இப்போது "அக்காவைப் பற்றி ஏதோ பேசுகிறார்களாமே" என்று கேட்கிறார்கள். நாளைக்குக் கேட்கவே வேண்டியிருக்காது. உங்கள் சபையின் ஞாயிறு ஆராதனை யூடியூபில் நேரலையாகப் போகிறது என்று நீங்களே குறிப்பிட்டிருக்கிறீர்கள். அந்தப் பதிவு எத்தனை வருஷம் யார் யார் கைபேசியில் இருக்கும் என்பதை யாராலும் கட்டுப்படுத்த முடியாது.

சட்டப்படியும் இதில் ஆபத்து இருக்கிறது. நீங்கள் எழுதிக் கொடுப்பதும், பலர் முன்னிலையில் வாயால் சொல்வதும் சாட்சியச் சட்டத்தில் உங்களுக்கு எதிராகவே பயன்படக்கூடிய ஒப்புதல். பிற்பாடு மனம் மாறி வழக்குப் போட்டால், "அவரே ஒத்துக்கொண்டாரே" என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் வாதமாக இருக்கும். நஷ்டஈட்டு வழக்கில் "சொன்னது உண்மை" என்று நிரூபித்துவிட்டாலே எதிர்த்தரப்பு தப்பிவிடும். அந்த உண்மையை நீங்களே தயாரித்துக் கொடுக்க வேண்டாம்.

இன்னொரு விஷயத்தையும் மெதுவாகத் திருத்த வேண்டியிருக்கிறது. "அவர் எனக்கு அண்ணன் மாதிரி" என்று கடிதத்தில் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறீர்கள். அவர் அண்ணன் மாதிரி என்று யாருக்கும் நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. கூட வேலை செய்பவரோடு டீ குடிக்க ஒரு பெண்ணுக்கு உறவுமுறைச் சான்றிதழ் தேவையில்லை. ஒரு பேச்சுக்கு, அது காதலாகவே இருந்திருந்தாலும் சட்டத்தின் பார்வையில் அதில் குற்றம் எதுவும் இல்லை. வயது வந்த இருவர் கல்யாணம் செய்யாமல் சேர்ந்து வாழ்வதே குற்றமல்ல என்று 2010இல் நடிகை குஷ்பு தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. சபையின் ஒழுக்க விதி வேறு, அதை ஏற்பதும் ஏற்காததும் உங்கள் விசுவாசம். ஆனால் குற்றவாளிபோல் விளக்கம் சொல்லும் அந்தத் தொனியை முதலில் விட்டுவிடுங்கள். அது உங்களையே உங்களுக்குக் குற்றவாளியாகக் காட்டுகிறது.

பாஸ்டரிடம் ஒரேயடியாக "முடியாது" என்று சொல்ல மனம் வராவிட்டால், நடந்ததை நடந்தபடி சொல்லும் நாலு வரியைச் சபையில் வாசிக்கத் தயார் என்று சொல்லலாம். நைட் டூட்டி முடிந்து, உடன் பணிபுரிபவரோடு டீ குடித்தேன், அதற்கு மேல் சொல்லப்பட்டதெல்லாம் பொய். அவ்வளவுதான். அதில் "மன்னியுங்கள்" என்ற வார்த்தை வரக் கூடாது.

பெயரைச் சொல்லாவிட்டால் அவதூறு இல்லையா?

இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். உங்கள் அப்பாவும் அப்படித்தான் நினைக்கிறார். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவுதான் இப்போது அவதூறைப் பற்றிப் பேசுகிறது (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 499, 500). பெயர் சொல்லப்பட்டதா என்பது அங்கே கேள்வியே அல்ல. கேட்டவர்களுக்கு யாரைப் பற்றிய பேச்சு என்று புரிந்ததா என்பதுதான் கேள்வி. முந்தின நாள்வரை படமும் வாய்ஸ் நோட்டும் சுற்றிய அதே கூட்டத்தில், ஞாயிறன்று "ஒரு பிள்ளை" என்றால் யாருக்குப் புரியாது? தண்டனை இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும். புதிய சட்டத்தில் சமூக சேவையும் ஒரு தண்டனையாகச் சேர்ந்திருக்கிறது.

ஆனால் யார்மேல் என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வாய்ஸ் நோட்டில் பேசியவர் நேரடியாகப் பொறுப்பாளி. அதை ஃபார்வர்டு செய்தவர்களும் "நான் பேசவில்லை, அனுப்பினேன்" என்று சொல்லித் தப்ப முடியாது. குழுவின் அட்மினாக இருக்கும் வாலிபர் சங்கத் தலைவர்மேலும் வழக்குப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அட்மின் என்பதற்காக மட்டும், வேறொருவர் போட்ட பதிவுக்கு அவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021இல் சொல்லியிருக்கிறது. அவரை விட்டுவிடுங்கள். படமெடுத்தவர் விஷயத்திலும் உங்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். பொது இடத்தில் எடுத்த சாதாரணப் படம், எடுத்த காரணத்தாலேயே குற்றமாகிவிடாது. அதோடு சேர்த்துச் சொல்லப்பட்ட பொய்தான் குற்றம்.

பாஸ்டரைப் பொறுத்தவரை வழக்கு அவ்வளவு சுலபமல்ல. தனக்குக் கீழ் உள்ளவரின் நடத்தையை, அதற்கு அதிகாரம் உள்ள ஒருவர் நல்லெண்ணத்தோடு கண்டிப்பது அவதூறாகாது என்று சட்டத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு. சபை உறுப்பினர் என்ற முறையில் நீங்கள் என் கண்டிப்புக்கு உட்பட்டவர் என்று அவர் வாதிடுவார். நம் பக்க பதில் அந்த "நல்லெண்ணம்" என்பதில்தான் இருக்கிறது. உரிய கவனமும் அக்கறையும் இல்லாமல் செய்தது எதுவும் நல்லெண்ணத்தோடு செய்ததாகாது என்பது சட்டமே கொடுக்கும் விளக்கம். உங்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்காமல் பீடத்தில் ஏறிப் பேசியதில் என்ன கவனம் இருந்தது? அவருக்கு எதிரான உங்கள் வலுவான வாதம் இதுதான்.

தேவகோபம் வரும் என்று சொல்லி மிரட்டுவது குற்றமாகாதா என்றும் கேட்டிருந்தீர்கள். தெய்வக் கோபத்துக்கு ஆளாவாய் என்று நம்பவைத்து ஒருவரை ஒன்றைச் செய்யவைப்பதைக் குற்றமாக்கும் பிரிவு இருக்கத்தான் செய்கிறது, அதே சன்ஹிதாவின் 354. ஆனால் சொல்பவர் தானே செய்யும் ஒரு செயலால் அந்தக் கோபத்தை வரவழைப்பதாக நம்பவைப்பதைப் பற்றிய பிரிவு அது. பாவத்தை மறைத்தால் தேவன் தண்டிப்பார் என்று ஒரு போதகர் சொல்வதை அதற்குள் கொண்டுவருவது கடினம். அதை நம்பி இறங்க வேண்டாம்.

ஒதுக்கிவைக்கச் சபைக்கு அதிகாரம் உண்டா?

ஓரளவு உண்டு. இது உங்களுக்குப் பிடிக்காத பதில்தான். மதப் பிரிவுகள் தங்கள் மதக் காரியங்களைத் தாங்களே நடத்திக்கொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் 26ஆம் பிரிவு தருகிறது. சமூகத்திலிருந்து விலக்கிவைப்பதைத் தடுக்கப் பம்பாய் மாகாணம் 1949இல் கொண்டுவந்த சட்டத்தை, தாவூதி போரா என்ற முஸ்லிம் சமூகத்தின் தலைவர் தொடர்ந்த வழக்கில் 1962இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தள்ளிவிட்டது. விலக்கும் அதிகாரம் மத நிர்வாகத்தின் ஒரு பகுதி என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. தலைமை நீதிபதி சின்ஹா மட்டும் மாறுபட்டார். அந்தத் தீர்ப்பு சரியா என்ற கேள்வியை 2023இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வின் பார்வைக்கு அனுப்பியிருக்கிறார்கள். சமூகப் புறக்கணிப்பைக் குற்றமாக்கி மகாராஷ்டிரத்தில் 2016இல் ஒரு சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் அதுபோலத் தனிச் சட்டம் இல்லை.

ஆகவே திருவிருந்தில் உங்களைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். சபை ஒரு சங்கமாக, 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவாகியிருந்தால் ஒரு வாய்ப்பு உண்டு. அதற்கென்று துணைவிதிகள் இருக்கும். உறுப்பினரை நீக்குவதற்கு முன் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், விளக்கம் கேட்க வேண்டும் என்று அதில் இருக்கலாம். அதை மீறியிருந்தால் சிவில் நீதிமன்றத்தில் கேட்கலாம். அப்பா மூப்பராயிற்றே, துணைவிதிகளின் நகலை அவரிடம் கேட்டு வாங்குங்கள். தனி ஒருவர் டிரஸ்டாக எழுதி நடத்தும் சபை என்றால் இந்தக் கதவு அநேகமாக மூடியிருக்கும்.

விலக்குவது வேறு, விலக்குவதற்காகப் பொய் சொல்வது வேறு. முதலாவதற்குச் சபைக்கு இடம் இருக்கலாம். இரண்டாவதற்கு எந்த மதத்திலும் இடமில்லை, எந்தச் சட்டத்திலும் இல்லை.

"விசுவாசி கோர்ட்டுக்குப் போகக் கூடாது"

உங்கள் அப்பா மேற்கோள் காட்டுவது கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் கடிதத்தின் ஆறாம் அதிகாரம். அவருடைய பயபக்தியை மதிக்கிறேன். அந்த அதிகாரத்தை அவரோடு உட்கார்ந்து முழுவதும் வாசியுங்கள். வெளியே வழக்குக்குப் போகாதீர்கள் என்று மட்டும் பவுல் நிறுத்தவில்லை. சகோதரருக்குள் வழக்கைத் தீர்க்க உங்களில் விவேகி ஒருவன்கூட இல்லையா என்று சபையைக் கேட்கிறார். அதாவது உள்ளே நியாயம் விசாரிக்க வேண்டிய கடமையைச் சபைமேல் வைக்கிறார். விசாரிக்காத சபை அந்த வசனத்தை உங்களுக்கு எதிராக எடுப்பது எப்படிச் சரியாகும்? மத்தேயு பதினெட்டில் முறையே சொல்லப்பட்டிருக்கிறது: முதலில் தனியாகப் போய்ப் பேசு, கேட்காவிட்டால் ஓரிருவரைக் கூட்டிக்கொண்டு போ, அதற்கும் பிறகுதான் சபைக்குச் சொல். உங்கள் விஷயத்தில் கடைசியில் வர வேண்டியது முதலிலேயே நடந்துவிட்டது.

அப்போஸ்தலர் பதினாறாம் அதிகாரத்தையும் அப்பாவுக்கு நினைவுபடுத்தலாம். பிலிப்பியில் பவுலையும் சீலாவையும் விசாரணை இல்லாமல் எல்லார் முன்னாலும் அடித்துச் சிறையில் போட்டார்கள். மறுநாள் அதிகாரிகள் சத்தமில்லாமல் விட்டுவிடப் பார்த்தபோது பவுல் ஒத்துக்கொள்ளவில்லை. வெளியரங்கமாய் அடித்தவர்கள் தாங்களே வந்து எங்களை வெளியே அழைத்துப் போகட்டும் என்றார். வந்தார்கள். உங்கள் கோரிக்கையும் அதுதான். இரகசியமாக மன்னித்துவிட்டோம் என்பது போதாது. எந்தப் பீடத்தில், எந்தக் குழுவில் பெயர் போனதோ அங்கேயேதான் திருத்தமும் வர வேண்டும்.

நான் வழக்கை முதலில் வைக்காததற்குக் காரணமும் அதேதான். அவதூறு வழக்கில் நாலைந்து வருஷம் கழித்து நீங்கள் ஜெயித்தாலும், அந்தத் தீர்ப்பை அந்த இருநூறு பேரில் யார் வாசிப்பார்கள்? அதற்குள் தங்கைக்கு வயது ஏறியிருக்கும். கூண்டில் ஏறினால் குறுக்கு விசாரணையில் உங்கள் சொந்த வாழ்க்கையைக் கிளறுவார்கள். அந்த லேப் டெக்னீஷியனும் சாட்சியாக வர வேண்டியிருக்கும். அவருக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது, அவரிடம் முன்கூட்டியே கேட்காமல் எதுவும் செய்யாதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியவை

ஆதாரத்தை முதலில் பத்திரப்படுத்துங்கள். "அனைவருக்கும் அழி" கொடுத்துவிட்டால் ஆதாரம் போய்விட்டது என்று நினைத்திருக்கிறீர்கள். குழுவில்தான் போயிருக்கும். ஃபார்வர்டு ஆன பிரதிகள் ஒவ்வொன்றும் தனி. அத்தை மகளின் போனில் அது இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தப் போனை ரீசெட் செய்யவோ மாற்றவோ வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். நீதிமன்றத்தில் பிரதியைக் கொடுத்தால் இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். அதில் ஒரு பகுதியைக் கருவியைக் கையாள்பவரும் இன்னொன்றை நிபுணரும் நிரப்ப வேண்டும், வக்கீல் பார்த்துக்கொள்வார். அந்த ஞாயிற்றுக்கிழமை நேரலைப் பதிவை இன்றே இறக்கி வையுங்கள், எப்போது வேண்டுமானாலும் நீக்கிவிடுவார்கள். இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது உங்கள் மருத்துவமனையின் டூட்டி ரோஸ்டரும் பயோமெட்ரிக் வருகைப் பதிவும். ராத்திரி பூரா எங்கே இருந்தீர்கள் என்பதற்கு அதைவிட நல்ல பதில் இல்லை. நர்சிங் சூப்பரின்டெண்டிடம் கேட்டு, முத்திரையோடு நகல் வாங்கிவிடுங்கள்.

பதிலுக்கு நீங்களும் ஒரு வாய்ஸ் நோட் போடாதீர்கள். மூப்பரின் மனைவியைப் பற்றி உங்களுக்கு ஏதோ தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்களோடு இருக்கட்டும். அதை வெளியிட்டால் அவதூறு வழக்கில் நீங்கள் எதிரியாக நிற்க வேண்டிவரும்.

அடுத்து, பாஸ்டருக்கும் மூப்பர் குழுவுக்கும் ஒரு மனு. அதற்குப் பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் நேரே வக்கீல் நோட்டீஸுக்குப் போக வேண்டாம். உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள். பெண் என்பதால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் உங்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். வழக்கு இல்லாமலேயே இரு தரப்பையும் அவர்கள் கூப்பிட்டுப் பேசுவார்கள். அங்கே பேசுவது வெளியே வராது. கோர்ட்டுக்கு இழுத்தாள் என்ற பேச்சுக்கும் பெரிதாக இடமிருக்காது. பாஸ்டர் ஒரு திருத்த அறிவிப்புக்கு ஒத்துக்கொள்ள அந்த அறைதான் வசதியானது என்பது என் கணிப்பு.

அதுவும் பலிக்காவிட்டால் வாய்ஸ் நோட்டில் பேசியவர்மேல் வழக்கு. அவதூறுக்குப் போலீசில் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போட மாட்டார்கள். ரசீது கொடுத்து, கோர்ட்டுக்குப் போகச் சொல்வார்கள், அதில் மனம் தளர வேண்டாம். நீங்களேதான் நீதித்துறை நடுவரிடம் தனிப் புகார் கொடுக்க வேண்டும். இப்போதைய நடைமுறைச் சட்டப்படி, புகாரைக் கோப்பில் எடுப்பதற்கு முன்பே எதிர்த்தரப்புக்கும் பேச வாய்ப்புக் கொடுப்பார்கள். பல வழக்குகள் அந்தக் கட்டத்திலேயே மன்னிப்போடு முடியக்கூடும். சிவில் நீதிமன்றத்தில் நஷ்டஈடும் கேட்கலாம். தமிழ்நாட்டில் கேட்கும் தொகையில் 3 சதவீதம் நீதிமன்றக் கட்டணம், ஆகவே கோபத்தில் பெரிய தொகையாகப் போட்டுவிடாதீர்கள்.

காலக்கெடுவில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். குற்றப் புகாருக்கு மூன்று ஆண்டு இருக்கிறது. நஷ்டஈட்டு வழக்குக்கு ஒரே ஆண்டுதான். ஏழு மாதம் போய்விட்டது. "சபை தீர்த்துவைக்கும், பொறு" என்று யாராவது இழுத்தால், இந்த ஐந்து மாதத்தை மனதில் வைத்துக்கொண்டு பொறுங்கள்.

தங்கையின் கல்யாணம்

சபைக் கடிதம் இல்லாவிட்டால் கல்யாணமே நடக்காது என்ற பயத்தில்தான் வீட்டில் எல்லாரும் இருக்கிறீர்கள். அந்தக் கடிதம் சபைகளுக்குள் இருக்கும் வழக்கம், சட்டத் தேவை அல்ல. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, உரிமம் பெற்ற வேறு எந்தப் போதகரும் நடத்திவைக்கலாம். திருமணப் பதிவாளர் முன்னிலையிலும் நடத்தலாம். உங்கள் பாஸ்டரின் கையெழுத்தில்தான் எல்லாம் இருக்கிறது என்பது உண்மையல்ல.

ஆனால் மாப்பிள்ளை வீட்டார் மனதைச் சட்டம் மாற்றாது. அவர்களிடம் யாராவது நேரில் போய்ப் பேசியிருக்கிறீர்களா? கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. அப்பாவோ தாய்மாமாவோ டூட்டி ரோஸ்டர் நகலோடு போய், நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு வரட்டும். பாஸ்டர் வாயால் கேட்டதை மட்டும் வைத்து அவர்கள் முடிவெடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால் அந்த முடிவின் பாரம் உங்களுடையதல்ல. தங்கையிடமும் ஒருமுறை தனியாகப் பேசுங்கள். "எனக்காக நீ பொய் சொல்லணும்னு நான் கேட்டேனா" என்று அவள் உங்களிடம் கோபப்பட்டதை ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். வீட்டில் உங்கள் பக்கம் நிற்பவர் அவர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சபையை விட்டு வேறு சபைக்குப் போய்விடலாமா என்பதை இப்போது முடிவு செய்ய வேண்டாம். பெயர் திரும்புவதற்கு முன் போனால் ஓடிவிட்டாள் என்பார்கள். அதற்காகவே இருங்கள் என்றும் நான் சொல்ல மாட்டேன். ஞாயிறு காலை அங்கே போவதே உடம்பைப் படுத்துகிறது என்றால் சில வாரம் வீட்டிலேயே ஜெபியுங்கள். மனுவுக்கு அதனால் எந்தக் குறையும் வராது.

மனுவை இப்படி எழுதலாம்:

"சபைப் போதகர் அவர்களுக்கும் மூப்பர் குழுவினருக்கும். என் நடத்தையைப் பற்றி இந்தத் தேதியில் சபையின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படமும் குரல் பதிவும் பகிரப்பட்டன. அடுத்த ஞாயிறு ஆராதனையிலும் அது குறித்துப் பேசப்பட்டது. அதில் சொல்லப்பட்டது உண்மையல்ல. அன்றிரவு நான் பணியில் இருந்ததற்கான மருத்துவமனைப் பதிவின் நகலை இணைத்திருக்கிறேன். இதுவரை என்னிடம் யாரும் விளக்கம் கேட்கவில்லை. மூப்பர் குழு என்னையும், குரல் பதிவில் பேசியவரையும் நேரில் விசாரிக்க வேண்டும். சொல்லப்பட்டது தவறு என்று தெரிந்தால் அதே ஆராதனையிலும் அதே குழுவிலும் அறிவிக்க வேண்டும். பதினைந்து நாட்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டுகிறேன்."

ஸ்பீட் போஸ்டில், பெற்றுக்கொண்டதற்கான சான்றும் கேட்டு அனுப்புங்கள், ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். அனுப்புவதற்கு முன் அப்பாவிடம் வாசித்துக் காட்டி, அவரும் கீழே கையெழுத்துப் போடுவாரா என்று கேளுங்கள். மூப்பர் ஒருவரின் கையெழுத்து அந்த மனுவுக்குத் தனி பலம். அவர் போடாவிட்டாலும் அனுப்புங்கள்.